நெற்றியில் முளைத்த கூம்பு

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு கட்டுக் காகித அட்டையை லேமினேட் பண்ணிக் காலேஜுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்.

அவ்வளவுதான். மலையைப் புரட்டச் சொல்லல. மதுரை வரைக்கும் நடந்துபோகச் சொல்லல.

அதைக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியாத மனுஷனோட ஃபேஸ்புக் பக்கத்தைத்தான் நீங்க இத்தனை பேரு தினமும் திறந்து படிக்கிறீங்க. உங்க நேரம்!

புதுசா வந்தவுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நான் பாலிடெக்னிக்ல டிராயிங் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். அதுக்கப்புறம் வீட்டுல சும்மா கிடந்தவனை, தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவுல இருக்கிற ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா கூப்பிட்டாக. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் டிராயிங் எடுக்கணும்.

போன இடத்துல வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.

பிரின்சிபால் மேடம் கேட்டாக: "சார், இப்பல்லாம் மொபைல் ஆப் வச்சுத்தான் டிராயிங் சொல்லித் தரணும். உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

மொபைல்ல எனக்குத் தெரிஞ்சது, காலையில ரோஜாப்பூ படத்தோட 'இனிய காலை வணக்கம்' அனுப்புறது. அதுவும் நேத்து ஒருத்தர் எனக்கு அனுப்பின ரோஜாவைத்தான் இன்னிக்கு இன்னொருத்தருக்குத் தள்ளிவிடுவேன்.

"பழக்கமாவா மேடம்? நானே ரெண்டு ஆப் எழுதியிருக்கேன். ஒண்ணை ஜப்பான்காரன் வந்து கேட்டு வாங்கிட்டுப் போனான்."

மேடம் கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்தாக. "அப்படியா!"

அந்த 'அப்படியா'வோட நிறுத்தியிருக்கணும். நம்ம நாக்கு நிக்குமா?

"வைகை அணை மதகுக்குப் படம் போட்ட கை மேடம் இது!"

வைகை அணை கட்டி முடிச்சப்ப எனக்குப் பால் பல்லே முளைக்கல. மேடம் வெளியூர்க்காரவுக. கணக்குப் பார்க்கல. வேலை கிடைச்சிருச்சு.

இப்ப அந்த ஆப்பைப் பத்திச் சொல்லணும். ரொம்பச் சுலபம். ஒரு அட்டையில ஒரு உருவத்தோட கோட்டுப்படம் இருக்கும். கூம்புன்னா ஒரு வட்டமும் ஒரு முக்கோணமும். மொபைல் கேமராவை அந்த அட்டைக்கு நேரே காட்டினா, திரையில அந்த அட்டை மேல கூம்பு எழுந்து நிக்கும். ஐஸ்கிரீம் கோனைக் கவுத்து வச்ச மாதிரி. சுத்திச் சுத்திப் பார்க்கலாம். மேல இருந்து எட்டிப் பார்க்கலாம். மொபைலை எடுத்துட்டா அங்கன ஒண்ணும் இருக்காது, வெறும் அட்டைதான்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு டிராயிங் வாத்தியாருக்குத்தான் தெரியும். என் சர்வீஸ் பூரா வெறும் கையை ஆட்டி ஆட்டித்தான் பாடம் நடத்தினேன். "இந்தா, கூம்பைப் படுக்க வச்சுட்டேன். தெரியுதா?"ம்பேன். "தெரியுது சார்"ம்பாக. எங்கிட்டக் கூம்பும் கிடையாது, அவுகளுக்கு ஒண்ணும் தெரியவும் இல்ல. ரெண்டு தரப்பும் பொய் சொல்லிக்கிட்டே சுமுகமா காலத்தை ஓட்டினோம்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. திடீர்னு ஒரு நாள் மேடம் கூப்பிட்டாக.

"சார், நாளைக்கு ஆய்வுக்குழு வருது. உங்க ஆப் வகுப்பைத்தான் அவங்களுக்குக் காட்டப்போறேன்."

"தாராளமா மேடம்."

"நல்லா அமைஞ்சா அடுத்த வருஷமும் நீங்கதான். அமையலைன்னா ஆப் தெரிஞ்ச சின்ன வயசு ஆளாப் பார்க்கச் சொல்லி நிர்வாகத்துல இருந்து பேச்சு வருது. என்னால ஒண்ணும் செய்ய முடியாது சார்."

இந்த வேலையை என்னால விட முடியாது.

காரணம் இருக்கு. இந்த வேலை போச்சுன்னா எனக்கு அடுத்த வேலை தயாரா இருக்கு. காமயகவுண்டன்பட்டியில என் மச்சினனுக்குத் திராட்சைத் தோட்டம். "மாமா சும்மாத்தானே இருக்காக, பந்தலுக்குள்ள உக்காந்து தகரத்தைத் தட்டிக் கிளி விரட்டட்டும்"னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கான். அவன் வாய்க்குச் சிக்கக் கூடாதுன்னுதான் காலேஜுக்கே ஓடினேன். கிளியை விரட்டுறது கூடப் பரவாயில்ல. சாயங்காலம் வந்து, "இன்னிக்கு எத்தனை மாமா?"ன்னு பல்லைக் காட்டுவான் பாருங்க, அதைத்தான் தாங்க முடியாது.

மேடம் புது அட்டையாக் கொண்டுவரச் சொன்னாக. பழசு எல்லாம் பிள்ளைக கைபட்டு அப்பளமா நொறுங்கிப்போச்சு. தேனியில பிரிண்ட் எடுத்தேன். கடையில கரண்ட் போயிருச்சு. "லேமினேஷன் காலையில வாங்க சார்"னான் கடைக்காரத் தம்பி. அட்டைகளை மஞ்சப்பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வந்தவன் பையை ஆணியில மாட்டிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இந்தக் கதையில இப்படி 'இருந்திருக்கலாம்' நிறைய வரும், பொறுத்துக்கங்க.

என் வீட்டுக்காரி பேச்சியம்மாவைக் கூப்பிட்டேன். "ஏ பேச்சி, இங்கன வா. ஒரு வித்தை காட்டுறேன்."

சாப்பாட்டு மேசையில, ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்துல ஒரு அட்டையை வச்சேன். மொபைலைக் காட்டினேன். ஜாடிக்குப் பக்கத்துல பச்சை நிறத்துல ஒரு பிரமிடு எழுந்து நின்னுச்சு.

பேச்சி திரையைப் பார்த்தா. மேசையைப் பார்த்தா. திரும்பத் திரையைப் பார்த்தா. மெதுவாக் கையை நீட்டிப் பிரமிடைத் தொட்டா. கை அதுக்குள்ள போய் அந்தப் பக்கம் வந்துச்சு.

"ஆத்தாடி! என்னங்க இது, ஏவலா?"

"ஏவலும் இல்ல, சூனியமும் இல்ல. டெக்னாலஜி. நாளைக்கு இதை வச்சுத்தான் என் வேலையே இருக்கு."

"இது சரியா வரலைன்னா?"

"உன் தம்பி தோட்டத்துல கிளி விரட்டணும். இல்லைன்னா வீட்டுலதான் உக்காந்திருப்பேன்."

"வீட்டுலயா? நாள் பூராவுமா?"

அவ முகம் போன போக்கைப் பார்த்துட்டு, ஆகா, நம்ம மேல எவ்வளவு பாசம்னு நினைச்சேன். என்னை நாள் பூரா வீட்டுல வச்சுச் சமாளிக்கிறதைப் பத்தின பயம் அதுன்னு அப்புறம்தான் விளங்குச்சு.

காலையில நான் எந்திரிக்கிறதுக்குள்ள வீரபாண்டி கோயிலுக்கே போய்ட்டு வந்துட்டா. நான் சட்டையை மாட்டிக்கிட்டு இருக்கேன், மஞ்சப்பையை நீட்டுறா.

"இந்தாங்க. கௌமாரி காலடியில வச்சு எடுத்தாந்திருக்கேன். இனிமே ஒரு குறையும் வராது."

"சரி சரி, கொடு."

"நெத்தியில ஒரு கீத்து விபூதி..."

"அதெல்லாம் உன்னோட வச்சுக்க."

கல்யாணமான நாள்ல இருந்து எங்களுக்குள்ள நடக்கிற சண்டை இது. அவ பூசச் சொல்லுவா, நான் மாட்டேம்பேன். சாமி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. பேச்சி சொல்லிச் செய்யணுமான்னு ஒரு வீம்பு.

பைக்குள்ள எட்டிப் பார்க்காமலே கிளம்பினேன்.

தேனியில லேமினேஷன் கடை. பையை அப்படியே கொடுத்துட்டு ஸ்டூல்ல உக்காந்தேன். சும்மா உக்காரத் தெரியாதே! ஜப்பான்காரன் வந்து ஆப் வாங்கின கதையை எடுத்துவிட்டேன். இந்தத் தடவை ஜப்பான்காரன் ஒருத்தன் இல்ல, மூணு பேர். அதுல ஒருத்தன் நம்ம சின்னமனூர் வாழைப்பழத்தைத் தின்னுட்டு அழுதுட்டான்.

நடுவுல அந்தத் தம்பி கேட்டான். "சார், இதை இப்படியேவா போடணும்?"

"இப்படியேதான்யா போடணும். வேற எப்படிப் போடுவ?"

"இல்ல சார், கொஞ்சம் தட்டிவிட்டுட்டு..."

"தட்டாதய்யா, மூலை மடங்கிரும்! எனக்கு நேரமாச்சு. அந்த ஜப்பான்காரன் என்ன பண்ணான் தெரியுமா..."

தம்பி இருந்தபடியே போட்டுக் கொடுத்துட்டான். பஸ் ஏறிட்டேன்.

வகுப்புக்குள்ள நுழைஞ்சு, பிள்ளைக முன்னாடி பையைத் திறந்து அட்டையை வெளியே எடுத்தேன்.

முதல் அட்டை. நடுவுல அகலமா மூணு விபூதிப் பட்டை. பட்டைக்கு நடுவுல ரூபாய்க்காசு அளவுக்குக் குங்குமப் பொட்டு. கோட்டுப்படம் அதுக்குப் பின்னாடி எங்கயோ முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு.

ரெண்டாவது அட்டை. அதே பட்டை, அதே பொட்டு.

எல்லாமே அப்படித்தான். பூசாரி ஒரு அட்டையைக் கூட விடல. காலடியில வச்சு எடுக்கச் சொன்ன பேச்சி, "நல்லாப் பூசிக் கொடுங்க சாமி"ன்னும் சொல்லியிருக்கா. ஒண்ணுல வேப்பிலைக் கொழுந்து வேற ஒட்டியிருந்தது. அத்தனையையும் அந்தத் தம்பி பயபக்தியோட பிளாஸ்டிக்குக்குள்ள வச்சு, காத்துக்கூடப் புகாம ஒட்டிக் கொடுத்திருக்கான். துடைக்கவும் முடியாது, கழுவவும் முடியாது.

கடைசி பெஞ்ச்ல இருந்து பாண்டி குரல் கொடுத்தான். தேவாரத்துப் பையன். வருஷம் பூரா என் வகுப்புல வாயைத் திறந்து ஒரு பதில் சொன்னது கிடையாது. கேலிக்கு மட்டும் முன்னாடி வந்துருவான்.

"சார், இது டிராயிங்குக்கா, தீபாராதனைக்கா?"

"ஏலே பாண்டி, உக்காருறா!"

மொபைலைக் காட்டினேன். 'மார்க்கர் நாட் ஃபவுண்ட்'னு வந்துச்சு, அட்டைப் படத்தை அதுக்கு அடையாளம் தெரியலையாம். அடுத்த அட்டை. 'மார்க்கர் நாட் ஃபவுண்ட்'. அட்டையைத் தலைகீழாத் திருப்பினேன். மொபைலைத் தலைகீழாத் திருப்பினேன். நானே கொஞ்சம் தலைகீழா வளைஞ்சு பார்த்தேன். இடுப்புப் பிடிச்சதுதான் மிச்சம்.

வாசல்ல கார் வந்து நிக்கிற சத்தம் கேட்டுச்சு. எனக்குத் தகர டப்பாவைத் தட்டுற சத்தமும் சேர்ந்தே கேட்டுச்சு.

முன் பெஞ்ச்ல நஸ்ரின்னு ஒரு பிள்ளை. உத்தமபாளையத்துல இருந்து வருது. மொபைல் விஷயத்துல கில்லாடி. அந்த ஆப்பை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான்; வெளியே சொல்லிராதீங்க, மேடம் இதைப் படிக்க வாய்ப்பிருக்கு.

"ஆத்தா நஸ்ரின், என் மானத்தைக் காப்பாத்து."

நஸ்ரின் அட்டையை வாங்கிப் பார்த்துச்சு. சிரிப்பை அடக்கிக்கிச்சு. "சார், இதுல 'புது மார்க்கர் சேர்'னு ஒண்ணு இருக்கு. எந்தப் படத்தை வேணும்னாலும் போட்டோ எடுத்து, இதுக்கு இந்த உருவம்னு சொல்லிக் கொடுக்கலாம்."

"விபூதி, குங்குமம் எல்லாம் அதுக்கு விளங்குமா?"

"அதுக்கு விபூதின்னா என்ன தெரியும் சார்? மூணு வெள்ளைக் கோடு, ஒரு சிவப்பு வட்டம். அவ்வளவுதான்."

போட்டோ எடுத்துச்சு. 'கூம்பு'ன்னு தட்டிச்சு. அடுத்த நொடி, விபூதிப் பட்டை மேல ஆரஞ்சு நிறத்துல கூம்பு ஜம்முன்னு எழுந்துச்சு! வகுப்பே கைதட்டிச்சு. வாட்ஸ்அப் குரூப்ல போட்டு எல்லார் மொபைலுக்கும் ஏத்திட்டாக.

"அடிபொளி!"ன்னான் பாண்டி. மலை ஏறிக் கேரளாவுக்குப் போய்வர்ற பய, மலையாளம் அப்பப்ப ஒட்டிக்கிட்டு வரும்.

அடுத்த அட்டையை வச்சேன். உருளை வரணும். கூம்பு வந்துச்சு.

அறுகோணப் பட்டகம்? கூம்பு.

பிரமிடு? அதுவும் கூம்பு.

"சார், எல்லா அட்டையிலயும் ஒரே பட்டை, ஒரே பொட்டு. ஆப்புக்கு எல்லாமே ஒண்ணுதான்"னுச்சு நஸ்ரின்.

"இருக்கட்டும் தாயி. இன்னிக்குப் பாடம் கூம்பு. உலகத்துல கூம்பைத் தவிர வேற உருவமே கிடையாது. யாராவது கேட்டா அப்படியே சொல்லுங்க."

கதவு திறந்துச்சு. ஆய்வுக்குழு உள்ள வந்தாக.

முன்னாடி குழுத் தலைவர். ஆள் ஆறடி, வாட்டசாட்டம். சிரிப்புங்கிற சமாச்சாரத்தை ஊர்லயே விட்டுட்டு வந்த முகம். பின்னாடி இன்னும் ரெண்டு பேர், கூட மேடம்.

வெளியூர்ல இருந்து யார் வந்தாலும் நம்ம பக்கம் முதல்ல எங்க கூட்டிப்போவாக? வீரபாண்டிக்குத்தான். மேடமும் அந்த வழக்கத்தை விடல. விடியக் காலம்பற கோயிலுக்குக் கூட்டிப்போய், நல்லாத் தரிசனம் பண்ணவச்சு, நேரா வகுப்புக்குக் கூட்டிட்டு வந்திருக்காக.

தலைவர் நெத்தியைப் பார்த்தேன்.

அகலமா மூணு விபூதிப் பட்டை. நடுவுல ரூபாய்க்காசு அளவுக்குக் குங்குமப் பொட்டு.

அதே கோயில். அதே பூசாரி. அதே கை!

மேடம் நெத்தியிலயும் அதேதான்.

நான் சுதாரிக்கிறதுக்குள்ள தலைவர் மேசைக்கு முன்னாடி வந்து, பிள்ளைகளைப் பார்த்து நின்னுட்டாரு. பிள்ளைக அத்தனை பேரும் மேசை மேல இருக்கிற அட்டையைப் பார்க்கிறதுக்காக மொபைலைத் தூக்கிப் பிடிச்சிருக்காக. இப்ப நடுவுல அவரு.

எல்லார் திரையிலயும் தலைவர் நெத்தியில ஆரஞ்சு நிறத்துல ஒரு கூம்பு முளைச்சுச்சு. மேல்நோக்கி இல்ல. நெத்தியில இருந்து நேரா முன்பக்கமா, முழ நீளத்துக்கு!

காண்டாமிருகத்துக்குக் கூட அவ்வளவு அழகான கொம்பு கிடையாது.

முதல்ல ஒரு பிள்ளை 'க்ளுக்'னுச்சு. அப்புறம் இன்னொண்ணு. பாண்டி பெஞ்சுக்கு அடியில போயிட்டான். நஸ்ரின் துப்பட்டாவை வாய்க்குள்ள திணிச்சுக்கிச்சு. தலைவர் இந்தப் பக்கம் திரும்பினா கொம்பு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் திரும்பினா அந்தப் பக்கம். மேடம் பக்கம் திரும்பி, "வகுப்பு ஏன் இப்படிச் சிரிக்குது?"ன்னு கேட்டாரு. கொம்பு மேடத்தைக் குத்தப் பார்த்துச்சு. வகுப்பு வெடிச்சுப்போச்சு.

மேடம் என்னைப் பார்த்த பார்வையில ஒரு திராட்சைப் பந்தல் தெரிஞ்சது. உள்ள நான் உக்காந்திருக்கேன். கையில தகரம்.

"என்ன சார் நடக்குது இங்க?"ன்னாரு தலைவர்.

என் ஆயுசுல சொன்ன பொய் எல்லாத்தையும் வரிசையா நிப்பாட்டிப் பார்த்தேன். இந்த இடத்துக்குப் பொருந்துறாப்புல ஒண்ணு கூட இல்ல.

"சார், இது வந்து... ஏற்கெனவே போட்ட திட்டம். ஜப்பான்ல இப்படித்தான்..."

"அந்த மொபைலைக் கொடுங்க."

கொடுத்தேன். வேற வழி?

அவரு அதை நெத்திக்கு நேரே பிடிச்சாரு. செல்ஃபி கேமராவைத் தட்டினாரு. கொம்பு திரையை விட்டு வெளியே வந்து அவரையே குத்துற மாதிரி நின்னுச்சு.

 

தலைவர் தலையை இடப்பக்கம் திருப்பினாரு. கொம்பும் திரும்புச்சு. வலப்பக்கம் திருப்பினாரு. மேல தூக்கினாரு. கீழ குனிஞ்சாரு. திரும்ப இடப்பக்கம். முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. ஆனா நிறுத்தவும் இல்ல. கண்ணாடிக் கடையில விட்ட குருவி மாதிரி அங்கயும் இங்கயும் ஆட்டிக்கிட்டே இருக்காரு.

அப்புறம் மொபைலை எங்கிட்டத் திருப்பிக் கொடுத்துட்டு, சுவரை ஒட்டி விறைப்பா நின்னாரு. விரலை நீட்டினாரு. அந்த விரல் போய் நின்ன இடம், பெஞ்சுக்கு அடியில இருந்து அப்பத்தான் தலையைத் தூக்கின பாண்டி.

"நீ எழுந்திரு. எனக்குப் பின்னாடி இருக்கிற சுவர் வி.பி., செங்குத்துத் தளம். தரை எச்.பி., கிடைத்தளம். இந்தக் கூம்போட அச்சு எப்படி இருக்கு?"

போச்சு! கேட்டும் கேட்டாரு, பாண்டிகிட்டயா! செத்தேன்னு கண்ணை மூடிட்டேன்.

"தரைக்கு இணையா இருக்கு சார். சுவருக்குச் செங்குத்தா இருக்கு."

கண்ணைத் திறந்தேன். பேசினது பாண்டிதானா?

"ஃப்ரண்ட் வியூ என்ன?"

"வட்டம் சார்."

"கூம்புன்னா முக்கோணம்தானே வரும்? வட்டம் எப்படி வரும்?"

"சார், நேர் முன்னாடி நின்னு பார்த்தா கொம்போட நீளம் தெரியல. அடி வட்டம்தான் தெரியுது. நடுவுல கூர்முனை புள்ளியா இருக்கு. பக்கவாட்டுல நிக்கிறவனுக்குத்தான் முக்கோணம்."

"டாப் வியூ?"

பாண்டி பெஞ்சு மேலயே ஏறிட்டான். மேல இருந்து மொபைலை நீட்டிப் பார்த்தான். "முக்கோணம் சார்!"

தலைவர் தலையைக் கொஞ்சம் ஒருபக்கமாத் திருப்பினாரு. "இப்ப?"

"சுவருக்குச் சாய்ஞ்சிருச்சு சார்!" மொத்த வகுப்பும் கத்துச்சு.

திருப்பின தலையை அப்படியே கீழ சாய்ச்சாரு. "இப்ப?"

"ரெண்டுக்குமே சாய்வு சார்! எச்.பி.க்கும் சாய்வு, வி.பி.க்கும் சாய்வு!"

மக்களே, டிராயிங் பாடத்துலயே பிள்ளைகளுக்குப் பேதி போற இடம் இதுதான். ரெண்டு தளத்துக்கும் சாய்ஞ்ச கூம்பு. இதை விளங்க வைக்க நான் கையை ஆட்டின ஆட்டுக்குத் தோள்பட்டையே கழண்டிருக்கு. இன்னிக்கு ஒரு பெரிய மனுஷன் தலையை ஆட்டினாரு, எல்லாருக்கும் விளங்கிருச்சு.

பிள்ளைக இடத்தை விட்டு எந்திரிச்சு அவரைச் சுத்திக்கிட்டாக. ஒருத்தன் பக்கவாட்டுல, ஒருத்தி மேசை மேல. அந்த வேப்பிலை அட்டை மேல நோட்டுத்தாளை வச்சு நஸ்ரின் ஸ்கெட்ச் போட ஆரம்பிச்சிருச்சு. "சார், ஆடாதீக சார்!"னு ஒருத்தன் அவரையே அதட்டுறான். அவரும் "சரிப்பா"ன்னு ஆடாம நிக்கிறாரு!

புழுக்கம் தாங்காம நடுவுல ஒரு தப்புப் பண்ணிட்டாரு. கைக்குட்டையை எடுத்து நெத்தியைத் துடைச்சாரு.

கொம்பு போச்சு. அத்தனை மொபைல்லயும் 'மார்க்கர் நாட் ஃபவுண்ட்'.

"ஐயய்யோ!"ன்னாக பிள்ளைக.

"அடடா!"ன்னாரு தலைவர். நிஜமாவே வருத்தம். சுத்திப் பார்த்தாரு. "மேடம், நீங்க வாங்க இப்படி."

மேடம் ஏற்கெனவே கதவுப் பக்கம் நழுவிக்கிட்டு இருந்தாக. "இல்ல சார், எனக்கு ஆபீஸ்ல..."

"ஒரே நிமிஷம்தான். பிள்ளைங்க படிக்கிறாங்க இல்ல?"

மேடம் வந்து நின்னாக. கூம்பு முளைச்சுச்சு. சிரிக்கிறதா படிக்கிறதான்னு தெரியாமப் பிள்ளைக ரெண்டையும் செஞ்சாக. நான் மட்டும் சிரிக்கல. அடுத்த வருஷ வேலை நெத்தியில கொம்போட என்னை முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கும்போது எவனுக்குச் சிரிப்பு வரும்?

முடிஞ்சதும் தலைவர் என் நெத்தியை உத்துப் பார்த்தாரு. எனக்கு நெத்தி எங்க முடியுது, தலை எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்றது கஷ்டம். முடி கைவிட்டு வருஷக்கணக்காச்சு.

"வகுப்பு எடுக்கிறவர் நீங்க. உங்க நெத்தி ஏன் காலியா இருக்கு?"

"அது வந்து சார்..."

"எவ்வளவு பெரிய இடம்! வீணாக் கிடக்குதே!"

சாயங்காலம் மேடம் கூப்பிட்டு அனுப்பினாக. ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள்ளயே எழுதிக்கிட்டுப் போனேன். மேசையில கைக்கண்ணாடி. மேடம் நெத்தி சுத்தமாத் துடைச்சிருந்தது.

"சார், தலைவர் ரொம்பப் பாராட்டிட்டுப் போயிருக்காங்க. உள்ளூர்ப் பண்பாட்டையும் புதுத் தொழில்நுட்பத்தையும் சேர்த்து நடத்துற வகுப்பாம். வேற எந்தக் காலேஜ்லயும் பார்த்ததில்லையாம்."

"நம்ம ஐடியாதான் மேடம். ஜப்பான்ல ஒரு தடவை..."

"சார்!"

"சொல்லுங்க மேடம்."

"அடுத்த வருஷமும் நீங்கதான். ஒரே நிபந்தனை."

"சொல்லுங்க."

"இனிமே அந்தக் கூம்பு உங்க நெத்தியிலதான் வரணும். என் நெத்திப் பக்கம் ஒருத்தரும் மொபைலைத் திருப்பக் கூடாது."

இப்ப தினமும் காலையில நான் கண்ணாடி முன்னாடி நின்னு, அளவு பார்த்து மூணு பட்டை போடுறேன். ஸ்கேல் வச்சுத்தான், டிராயிங் வாத்தியார் இல்லையா, கோடு கோணக் கூடாது. நடுவுல காம்பஸ் வச்ச மாதிரி ஒரு பொட்டு. "உங்க நெத்தியில ஆப் சீக்கிரம் பிடிக்குது சார், இடம் நிறைய இருக்கு"ங்கிறான் பாண்டி. பய இப்ப முன் பெஞ்சுக்கு வந்துட்டான், என் நெத்திக்குக் கிட்டத்துல இருக்கணுமாம்.

முதல் நாள் நான் பூசிக்கிட்டு இருந்ததைப் பேச்சி பார்த்துட்டா. கையில இருந்த கரண்டி கீழ விழுந்துச்சு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"ஆத்தா கண்ணைத் திறந்துட்டா! எத்தனை வருஷ வேண்டுதல்! நீங்க விபூதி பூசிட்டா சித்திரைத் திருவிழாவுக்கு உங்க கையால தீச்சட்டி எடுக்கிறதா நேர்ந்திருந்தேன், பலிச்சிருச்சு!"

தீச்சட்டி! என் கையால!

பதறிப்போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். "ஏ பேச்சி, இது சாமிக்காக இல்ல. பட்டை போட்டாத்தான் நெத்தியில கூம்பு முளைக்கும். அதைப் பார்த்துத்தான் பிள்ளைக படிக்குதுக. ஆய்வுக்கு வந்த பெரியவருக்கும் முழ நீளத்துக்கு முளைச்சது. மேடத்துக்கும் முளைச்சது."

பேச்சி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு என்னையே பார்த்தா.

"சாமி விஷயத்துலயாவது புளுகாம இருங்க."

ஜப்பான்காரன் வாழைப்பழம் தின்னு அழுத கதையை, போன வாரம் இதே பேச்சிதான் பக்கத்து வீட்டுல போய்ச் சொல்லிட்டு வந்தா.

ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். இனிமே அந்தத் தப்பைப் பண்ண மாட்டேன்.